பியானோவுக்கு ஒரு ஒப்பாரி

குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. நான் பியானோவை விட்டு எழுந்து அடுப்படிக்குப் போனேன். பருப்பு அதிகம் குழைந்தால் எனக்குப் பிடிக்காது. சமையல் செய்யும் தங்கமயிலுக்கும் அது தெரியும். நான் போவதற்குள் அவரே கேஸை அணைத்திருந்தார். மணி பதினொன்று ஐந்து. அப்போதுதான் அவருடைய மகன் இறந்துவிட்டதாக அவரிடம் சொன்னேன்.

மகன் இறக்கவில்லை. இசக்கிராஜ் அந்த நேரத்தில் ஐரோலியில், அவன் வேலை பார்க்கும் கம்பெனியின் ஏசிக் குளிரில் உட்கார்ந்திருந்தான். இப்போதும் நன்றாக இருக்கிறான். நான் யாரையும் கத்தியால் குத்தவில்லை. யாருக்கும் விஷம் வைக்கவில்லை. ஒரு பொய் சொன்னேன். அதுவும் மாலை ஆறு மணிவரை மட்டும் இருக்க வேண்டிய பொய்.

ஸ்டேஷனில் என் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளும் சப்-இன்ஸ்பெக்டர் பிச்சையா, "மொதல்ல இருந்து சொல்லுங்க சார்" என்றார். அவருக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், பிறந்து வளர்ந்தது தாராவியில். தமிழிலேயே சொல்லலாம் என்றார். அது எனக்கு வசதியாக இருந்தது.

என் பெயர் அனந்த். வயது ஐம்பத்தொன்று. மாதுங்காவில் அப்பா ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்தபோது வாங்கிய வீட்டில் இருக்கிறேன். பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் பரீட்சைக்கு மூன்று பாடம் கற்றுக்கொள்வார்கள், சர்டிபிகேட் வந்ததும் கிரிக்கெட் கோச்சிங் போய்விடுவார்கள். நானே எழுதிய இசை இதுவரை மேடையேறியது இரண்டு முறை. இரண்டு முறையும் கேட்க வந்தவர்கள் அந்தப் பிள்ளைகளின் பெற்றோர்தான். மனைவி மானசா ஆறு வருடத்துக்கு முன்பு நெருளுக்குப் போய்விட்டாள். "உங்களைப் பொறுத்துக்கலாம், அந்தப் பியானோவைத்தான் முடியல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தங்கமயில் ஒன்பது வருடமாக என் வீட்டில் சமைத்தவர். ஐம்பத்து நான்கு வயது. கணவர் இல்லை. ஒரே மகன். தாராவியிலிருந்து நடந்தே வருவார். நான் அவரை ஒருநாளும் 'நீ' என்று சொன்னதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளலாம். என் வாசிப்பைப் பற்றி அவருக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது.

"ஏன் சார் உங்க பொட்டியில எப்பமும் யாரோ செத்த மாதிரியே வாசிக்கிய? ஒரு கல்யாணப் பாட்டு வாசிங்க. எம் மவனுக்கு ஒரு பொண்ணாவது அமையும்லா."

போன வருடம் மார்ச்சில் அவர் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. தாராவி நைன்டி ஃபீட் ரோட்டில் இறங்கி, விசாரித்துக்கொண்டு அவர் சந்துக்குப் போனேன். அங்கே ஒரு சாவு. பக்கத்து வீட்டுப் பொன்செல்வியின் மாமியார். பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தங்கமயில் ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தார். என் வீட்டில் கடுகு தாளிக்கிற அதே பெண்மணி.

ஐந்து ஸ்வரங்கள்தான். ஏறும்போது ஒரு வழி, இறங்கும்போது வேறு வழி. ஒப்பாரி என்றால் முகாரி என்று சங்கீதம் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். இது அது இல்லை. வரி முடிவதற்குக் கொஞ்சம் முன்னால், இறங்கும் வழியில், அவர் குரல் ஓர் இடத்தில் நின்று நடுங்கியது. என் பியானோவில் அந்த இடம் கிடையாது. ஒரு வெள்ளைக் கட்டைக்கும் அதை ஒட்டிய கறுப்புக் கட்டைக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து அழுத்திவிட்டு, மேலே இருப்பதிலிருந்து மட்டும் விரலை எடுத்தால், கீழே உள்ளது தனியாக மிச்சம் நிற்கும். அப்போது அந்த இடத்தின் நிழல் போல ஒன்று காதில் விழும். அந்த நிழலை வைத்து எட்டு மாதத்தில் இரண்டு பகுதிகள் எழுதினேன். பியானோவுக்கு ஓர் ஒப்பாரி. இதுவரை யாரும் செய்யாதது.

புது இசையை அரங்கேற்றும் ஐரோப்பிய அறக்கட்டளை ஒன்றுக்கு அனுப்பினேன். நானூறு பேரில் ஆறு பேரை எடுத்தார்கள். அதில் நான் ஒருவன். அந்த மெயிலை நின்றுகொண்டே ஏழு தடவை படித்தேன். மூன்றாம் பகுதியைப் பதினைந்தாம் தேதி நள்ளிரவுக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் என் இடம் அடுத்த ஆளுக்கு.

மூன்றாம் பகுதி வரவில்லை.

எத்தனை தடவை எழுதிக் கிழித்தேன் என்று தெரியாது. மனதில் இருந்த குரல் தேய்ந்துவிட்டது. பியானோவில் வந்தது ஒப்பாரி இல்லை, ஒப்பாரி போல ஏதோ ஒன்று. இன்டர்நெட்டில் இருக்கும் பதிவுகளை எல்லாம் கேட்டேன். மைக் முன்னால் பாடுகிறவர்கள் அந்த இடத்தில் நிற்பதில்லை, அழகாக வழுக்கிப் போய்விடுகிறார்கள். தூக்கத்தில் பல்லைக் கடித்திருப்பேன் போலிருக்கிறது, தினமும் காலையில் தாடை வலித்தது. வகுப்புகளை நிறுத்தினேன். குளிக்க மறந்தேன். ஐம்பத்தொரு வயதில் இது வராவிட்டால் இனி எதுவுமே வராது. அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

தங்கமயிலிடம் நேராகவே கேட்டேன். ஒரே ஒரு தடவை, பத்து நிமிடம், என் பியானோ பக்கத்தில் உட்கார்ந்து பாடினால் போதும் என்றேன். கையில் இருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டார்.

"சாவு விழாத வீட்டுல ஒப்பாரி சொல்லப்பிடாது சார். சொன்னா தேடி வந்து விழும்."

"இது மாதுங்கா, தங்கமயில். இங்கே யாரும் அதையெல்லாம் பாக்கறதில்லை."

"எமனுக்கு மாதுங்கா தெரியாதாக்கும்? சிரிக்காதிய. டியூன்தான வேணும்? சினிமாப் பாட்டு நாலு பாடுதேன், நல்லா ரெக்கார்டு பண்ணிக்கிடுங்க."

மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு ஒத்தப் புள்ள சார். இதை மட்டும் கேக்காதிய" என்றார். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்துவது என் சுபாவம் இல்லை.

யோசித்துப் பார்த்தால், அவர் சொன்னது ஒரு நிபந்தனைதான். சாவு இருந்தால் பாடலாம். அவ்வளவே.

இசக்கிராஜ் வேலை செய்யும் இடத்தில் கம்ப்யூட்டர் சர்வர்கள் இருக்கின்றன. உள்ளே போகும்போதே போனை வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள். காலை எட்டே காலுக்கு ரயில் ஏறினால், மாலை ஆறு மணிக்குத்தான் போன் அவன் கைக்கு வரும். "ஆறு மணி வரைக்கும் பெத்தவ செத்தாலும் அவனுக்குத் தெரியாது சார்" என்று தங்கமயிலே அடிக்கடி குறைப்பட்டுக்கொள்வார். அவன் ஒரு கான்ட்ராக்டர் மூலம் வேலையில் இருந்ததால் கம்பெனி நம்பரும் வீட்டில் யாரிடமும் கிடையாது.

ஆக, ஆறு மணிக்கு எல்லாம் தானாகச் சரியாகிவிடும். ஏதோ தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது, பெயர்க் குழப்பம் என்று சொல்லிவிடலாம். மகன் வாசலில் வந்து நிற்பான். அந்த வினாடியில் ஒரு தாய்க்கு வரும் சந்தோஷத்தை வேறு எதனால் கொடுக்க முடியும்? இதை நான் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. அன்று காலை உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அன்று தேதி பதினைந்து.

நான் விஷயத்தைச் சொன்னதும் தங்கமயில் கத்துவார், அடுப்படியிலேயே உட்கார்ந்து ஒப்பாரி தொடங்கும் என்று எதிர்பார்த்தேன். சட்டைப் பையில் போன் ஏற்கெனவே ரெக்கார்டிங்கில் இருந்தது. அவர் எதுவும் செய்யவில்லை. குக்கரைப் பார்த்தபடி நின்றார். "இன்னைக்கு இட்லி ரெண்டுதான் தின்னான்" என்றார். பிறகு மூடியைத் திறக்கப் போனார். பிரஷர் இறங்கவில்லை. நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

அரை மணி நேரம் காத்திருந்தேன். ஒரு சத்தம்கூட வரவில்லை.

தப்பு என்னுடையதுதான். நான் படித்த வகையில், துக்கம் இருந்தால் பாட்டு வரும் என்று நினைத்துவிட்டேன். ஒப்பாரி தனியாக வராது. கட்டிக்கொண்டு அழ இன்னொரு பெண்ணின் தோள் வேண்டும். என் வீட்டில் பெண்கள் யாரும் இல்லை. போன வருடம் சந்தில் கண்ணால் பார்த்தும் இது எனக்கு உறைக்கவில்லை. ஆகவே டாக்ஸி பிடித்து அவரைத் தாராவிக்குக் கூட்டிப்போனேன். கிளம்பும் முன் அவருடைய போனை வாங்கி என் தோள்பையில் போட்டுக்கொண்டேன். துக்கம் விசாரிக்கிற அழைப்புகள் தொந்தரவாக இருக்கும் அல்லவா. சமையல் மேடையில் இருந்த அவருடைய மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கொண்டேன்.

மாத்திரை பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு இதயத்தில் வால்வுக் கோளாறு. ஏப்ரலில் நான்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அதிர்ச்சியான விஷயம் எதுவும் கூடாது, மாத்திரையை ஒருவேளைகூட விடக்கூடாது என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். டப்பா நாள் முழுவதும் என் பையிலேயே இருந்தது. அவர் கேட்கவில்லை.

சந்தில் நான் சொன்னதை ஒருவரும் சந்தேகப்படவில்லை. ஒன்பது வருடமாகத் தீபாவளிக்குப் புடவை கொடுக்கிற மாதுங்கா சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பத்து நிமிடத்தில் சந்து நிறைந்துவிட்டது. கம்பெனியில் கரண்ட் ஷாக் என்றேன். உடல் எங்கே என்று ஆண்கள் கேட்டார்கள். பன்வேலில் ஒரு ஆஸ்பத்திரி, போஸ்ட்மார்ட்டம் முடிந்து ஆறு மணிக்குக் கொடுப்பார்கள் என்றேன். நான்கு பேர் உடனே கிளம்பினார்கள். மற்றவர்கள் அவன் நம்பருக்கு அடித்துப் பார்த்தார்கள், லாக்கரில் மணி போய்க்கொண்டே இருந்திருக்கும். ஐரோலியில் இருப்பவனைத் தேட அவர்களைப் பன்வேலுக்கு அனுப்பியதில் எனக்கு மூன்று மணி நேரம் கிடைத்தது. அங்கிருந்து போன் செய்து அப்படி யாரும் இல்லையே என்றபோது, இன்னும் இரண்டு ஆஸ்பத்திரிகளின் பெயரைச் சொன்னேன்.

பொன்செல்வி தலைவிரித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஏ தங்கமயிலு! இப்படிக் கல்லு மாதிரி இருக்காத, என் தோள்ல விழு தாயி!" என்று கட்டிக்கொண்டார். மற்றப் பெண்கள் தொடங்கினார்கள். தங்கமயில் மட்டும் வாய் திறக்கவில்லை. ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. நான் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறு மணி வந்தால் எல்லாம் போய்விடும். இத்தனை பேரை அழவிட்டும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். என் வாழ்க்கையில் அப்படி ஒரு மத்தியானத்தை நான் அனுபவித்ததில்லை. அங்கே இருந்தவர்களில் என் அளவுக்குத் தவித்தவர்கள் யாரும் இருந்திருக்க முடியாது.

மூன்றரைக்குப் பொன்செல்விக்கு ஒன்று தோன்றியது. கொடியில் காய்ந்த இசக்கிராஜின் சட்டையை எடுத்து வந்தார்.

"உடம்பு வர நேரம் ஆவும்ங்காவ. இதையாவது புடிச்சுக்கிட்டு அழு."

தங்கமயில் சட்டையை வாங்கி விரித்துப் பார்த்தார். ஒரு பொத்தான் இல்லை. அந்த இடத்தை விரலால் தடவினார். பிறகு பாடினார்.

"எட்டே கால் வண்டிக்குன்னு எந்திரிச்சுப் போன மகனே
எட்டி நின்னு பாக்கலியே, ஏங்கூட நிக்கலியே
சட்டைக்குப் பொத்தான் வைக்கச் சாயங்காலம் ஆகுமின்னேன்
கட்டையில போற சட்டை, காலையில தச்சிருப்பேன்"

அழாதவர்கள் யாரும் இல்லை. எனக்கும் கண்ணீர் வந்தது, மறைக்கவில்லை. 'பாக்கலியே' என்ற சொல்லில் அந்த இடம் வந்தது. நான் இத்தனை மாதமாகத் தேடிய அதே இடம். ஆனால் சந்து முனையில் ஒரு டெம்போக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். பதிவில் ஹாரன்தான் கேட்கும்.

அப்போதே சொல்லியிருக்கலாம். இன்னொரு தடவை வரட்டும் என்று இருந்தேன்.

நாலரை மணிக்கு ஷமீமா என்னிடம் வந்தார். எதிர் வீட்டில் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருப்பவர். கூட்டத்தில் அவர் ஒருவர்தான் தங்கமயிலின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

"சார், அக்காக்கு ஒதடு நீலமா ஆவுது. மூச்சு வேற இழுக்குது. ரிக்ஷா வர வச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா?"

"அழுது தீரட்டும்மா. அடக்கி வெச்சாத்தான் ஆபத்து" என்றேன்.

"மாத்திரை ஏதோ போடுவாங்களே?"

"காலையிலேயே போட்டாச்சு."

படித்தவன் சொன்னதால் அவர் திரும்பிப் போய் விசிறிவிட்டார். ஐந்து மணி சுமாருக்கு இரண்டாவது தடவை அந்த இடம் வந்தது. பொன்செல்வியும் கூடச் சேர்ந்து குரல் எடுத்ததால் கலங்கிவிட்டது. பொன்செல்விக்கு நல்ல சாரீரம், ஆனால் ஸ்வரம் நிற்காது. அதற்கு மேல் தங்கமயிலின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் நீண்ட இடைவெளி விட்டார். அந்த இடைவெளிகளும் எனக்குப் பயன்பட்டன. மூன்றாம் பகுதியில் அவை அப்படியே வரும்.

ஐந்து முப்பத்தைந்துக்கு மூன்றாவது தடவை வந்தது. ஹாரன் இல்லை. கூடப் பாடுகிறவர்கள் களைத்து ஓய்ந்திருந்தார்கள். குரல் அந்த இடத்தில் நின்றது, நடுங்கியது, இறங்காமலே நின்றது. வரியை அவர் முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டதுதான் சரி என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மூன்றாம் பகுதியின் முடிவு கிடைத்துவிட்டது.

தங்கமயில் பொன்செல்வியின் தோளில் சாய்ந்தார். மயக்கம் என்று தண்ணீர் தெளித்தார்கள். ஷமீமா கையைப் பிடித்துப் பார்த்தார், மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு தங்கமயிலின் கண்களை மூடிவிட்டார். மணி ஐந்து நாற்பது. மகனும் தாயும் ஒரே நாளில் என்று மறுபடி அழுகை கிளம்பியது. ஆறு மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. என்னால் அந்தக் கூட்டத்தைத் தாண்டி வெளியே வர முடியவில்லை.

ஆறு மணி நான்கு நிமிடத்துக்கு என் பைக்குள் அவருடைய போன் அடித்தது. எடுத்து அணைக்கத்தான் பார்த்தேன். திரையில் இசக்கிராஜின் போட்டோ. பக்கத்தில் நின்ற பொன்செல்வி அதைப் பார்த்துவிட்டார். என் கையிலிருந்து பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"எம்மா, என்ன இது? சந்துல உள்ள அம்புட்டுப் பேரும் எனக்குப் போன் பண்ணியிருக்காவ! யாருக்கும்மா என்ன? ஏம்மா, பேசும்மா!"

அதற்குப் பிறகு அங்கே ஒருவரும் அழவில்லை. போனில் அவன் "எம்மா, எம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பொன்செல்வி செருப்பைக் கழற்றி என்னை அடித்தார். நான் தடுக்கவில்லை. அவருக்கு அந்த உரிமை உண்டு. சட்டைப் பையை மட்டும் கையால் பொத்திக்கொண்டேன். ரெக்கார்டிங் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

பிச்சையா வந்து கூட்டத்திலிருந்து என்னை வெளியே எடுத்தார். ஸ்டேஷனில் என் போனை வாங்கிக்கொண்டார், பூட்டைத் திறக்கும் எண்ணையும் கேட்டார். மறைக்க எதுவும் இல்லாததால் சொன்னேன். நள்ளிரவு கடந்துவிட்டது. மூன்றாம் பகுதி போகவில்லை. ஆனால் அது முழுதாக என் தலையில் இருக்கிறது. ஒரு பியானோவும் நான்கு மணி நேரமும் கொடுத்தால் எழுதிவிடுவேன் என்று பிச்சையாவிடம் சொன்னேன்.

இசக்கிராஜ் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். அவனிடம் பேச வேண்டும் என்று கேட்டேன். அவன் அம்மாவின் குரலை உலகம் கேட்கப்போகிறது என்பதை யாராவது அவனுக்குச் சொல்ல வேண்டும். அனுமதிக்கவில்லை.

வாக்குமூலத்தின் கடைசி வரி எப்படி இருக்க வேண்டும் என்று நானே சொன்னேன். 'அவர் இறந்துபோவார் என்று எனக்குக் கொஞ்சமும் தெரியாது. மூச்சு விடும் நேரம் கிடைத்தால் உண்மையைச் சொல்லிவிடத்தான் இருந்தேன். அவர் இறந்தது எனக்கும் அதிர்ச்சி.' இதை அப்படியே எழுதிக்கொள்ளும்படி கேட்டேன்.

பிச்சையா எழுதவில்லை. பேனாவை மூடினார். மேஜை மீது இருந்த என் போனை எடுத்து ஏதோ தேடினார். பிறகு அதை என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"வெளிநாட்டுக்காரங்களுக்கு நீங்க போட்ட மெயில் சார் இது. 'மூன்றாம் பகுதி இன்றிரவு வந்துவிடும், முதல் பக்கத்தில் மறைந்த தங்கமயிலின் நினைவாக என்று சேர்த்துக்கொள்ளவும்'னு எழுதியிருக்கிய. மணி நாலு அம்பத்திரெண்டு. அந்தம்மா அப்பம் பாடிக்கிட்டுல்லா இருந்தாவ?"